கல்லுளியின் பேரம்

அரசாங்கத்துக்கு மருந்து வாங்கும் அலுவலகத்தில் அவளுக்கு நேருக்கு நேர் பெயர் மேடம். முதுகுக்குப் பின்னால் பெயர் கல்லுளி. கல்லுளிமங்கன் என்றுதான் முதலில் யாரோ ஆரம்பித்தார்கள். எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்காத அழுத்தக்காரர்களை அப்படித்தானே சொல்வோம். பெண்ணுக்கு மங்கன் எதற்கு என்று அதை மட்டும் கழற்றிவிட்டார்கள். அவளுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பேசாமல் இருப்பது அவளுடைய பிறவிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சொத்தைப் பல்லில் ஆரம்பித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை மருந்துப் பக்கமே விடவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மெத்தை, துடைப்பம், பினாயில் வாங்கும் பிரிவில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மெத்தைக்காரர் வந்து விலை சொன்னார். அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பன்னாக உப்பியிருந்தது. வாயைத் திறந்தால் உயிர் போகும். ஆகவே அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார். தொண்டையைச் செருமினார். "சரி மேடம், உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றார். அவளுக்குப் பல் விண்விண்ணென்று தெறித்தது. கண்ணை மூடித் திறந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். "இதுக்கு மேல போனா நான் கடையைச் சாத்திட்டு நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னபோதுதான் தலையை ஆட்டினாள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. பழக்கத்தைப் பிடுங்கவில்லை. பேசாத ஆளுக்கு எதிரே உட்கார மனிதர்களால் முடியாது, எதையாவது கொட்டி அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மெத்தையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து மருந்துக்கு என்று அவளைத் தூக்கித் தூக்கி மேலே போட்டார்கள். தலை நரைக்கத் தொடங்கியபோது, விலை உயர்ந்த மருந்துகளுக்குக் கம்பெனிகளோடு பேசும் குழுவில் அவள்தான் முக்கிய ஆள். பேசும் குழுவில் பேசாத ஆள் முக்கிய ஆள். அரசாங்கத்தில் இதெல்லாம் சகஜம்.

மெத்தைப் பேரமும் மருந்துப் பேரமும் ஒன்று இல்லை. மெத்தைக்குப் பத்துக் கடை உண்டு. புது மருந்துக்கு ஒரே கம்பெனிதான். அவன் சொன்னது விலை. வாங்குகிறவன் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: வேண்டாம் என்று எழுந்து போவது. எழுந்து போனால் அந்த மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைக்காது. கம்பெனிக்கும் அத்தனை பெரிய வியாபாரம் போய்விடும். இரண்டு பேரில் யார் முதலில் பயப்படுகிறார்கள் என்பதுதான் ஆட்டம். நடுவில் நோயாளிகள் என்ன ஆவார்கள் என்பதை அந்த மேஜையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கம்பெனிக்காரன் அதையே பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான் என்பது ஒரு காரணம். சொல்ல வெட்கமாக இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பேரமும் முடிந்து வந்தால் அவளுக்கு ராத்திரி தூக்கம் வராது. பிறகு தூக்கம் வந்தது. ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் வருத்தம் என்பதும் எப்போதோ நின்றுபோயிற்று. உள்ளே எல்லாம் மரத்துவிட்டது என்று அவளே ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள். அதற்காகவும் வருத்தம் வரவில்லை.

வீட்டில் நிலைமை நேர் எதிர். மூன்றாவது மாடியில் சொந்தமாக இரண்டு அறை. அவளும் அவள் தம்பியும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் செய்துகொண்டு, ஒத்துவராமல், பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். வாய் என்றால் அப்படி ஒரு வாய். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்குள் கதவுக்கு வெளியே நின்றே அவர்கள் குடும்பக் கதை முழுக்கக் கேட்டுவிடுவான். தன் கதையையும் சொல்லிவிடுவான். அதில் பாதி அக்காவின் கதையாக இருக்கும். "எங்கக்கா வாயை மூடினா போதும், விலை தானா இறங்கும். வேணும்னா உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா, வாடகை குறையும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவன்.

அவனுக்குத்தான் ரத்தத்தில் அந்த நோய் வந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு வகைப் புற்று. முன்பெல்லாம் வந்தால் ஆள் தேறுவது அபூர்வம். இப்போது ஒரு மாத்திரை வந்துவிட்டது. தினமும் ஒன்று, ஆயுசு முழுக்க. தவறாமல் போட்டுக்கொண்டால் நோய் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும். வேலைக்குப் போகலாம், ஏணி ஏறலாம், கதை அளக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் மாதா மாதம் இலவசமாகக் கொடுப்பார்கள். வெளியே வாங்கினால் அவள் சம்பளத்தை அந்த ஒரு மாத்திரையே முழுங்கிவிடும். வருஷங்கள் நன்றாகத்தான் ஓடின. மாத்திரை அட்டைகளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தான்.

அந்த மாத்திரையின் ஒப்பந்தம் முடிகிற வருஷம் வந்தது. கம்பெனி பழைய விலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணைக் கட்டும் ஒரு விலை சொன்னது. கோப்பு அவள் மேஜைக்கு வந்தது.

அவள் செயலாளர் அறைக்குப் போனாள். "சார், இதுல நான் உட்காரக் கூடாது. இந்த மாத்திரையை என் தம்பி சாப்பிடறான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் வீட்டுலதான் நோயாளி இல்ல? எழுதிக் கொடுத்துடுங்க, கோப்புல வச்சுக்கறேன். ஆனா நீங்கதான் உட்காரணும். உங்களை விட்டா அந்த ஆளுங்களுக்கு முன்னால யாரு தாக்குப்பிடிப்பா? ஒண்ணு மட்டும் சொல்றேன், வீட்டுல மூச்சு விடக் கூடாது."

அவர் சொல்லாவிட்டாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். கிடங்கில் சரக்கு குறைந்துகொண்டிருந்தது. அந்த வாடை கம்பெனிக்கு அடித்தால் போதும், அப்புறம் பேரமாவது மண்ணாவது. தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது சாயங்காலத்துக்குள் நகரத்தில் உள்ள லிஃப்டுகளிலெல்லாம் ஏறி இறங்கிவிடும்.

ஆனால் ஜனங்கள் என்ன முட்டாள்களா? ஆஸ்பத்திரி ஜன்னலில் மாதத்துக்கு முப்பது கொடுத்த இடத்தில் பதினைந்துதான் என்று ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது, தம்பி துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, மாத்திரை வருமா, வராதா? கியூவுல என்னென்னமோ சொல்றாங்க."

அவள் தட்டைத் தேய்த்தாள்.

"உங்க ஆபீஸ்தானே பேசுது? நீதான் உட்கார்றியா?"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். வரும் என்று சொல்லலாம். வராமல் போனால் பொய்யாகிவிடும். வராமல் போகலாம், பயப்படாதே, வெளியே வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட, அதற்காகவே வங்கியில் போட்டதை எடுக்க மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். ஆனால் அப்படிச் சொன்னால், அரசாங்கம் எழுந்து போகப் போகிறது என்று சொன்னதாகிவிடும்.

"வந்துடும்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா. சும்மாவாவது."

ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட தட்டை அவள் மறுபடி தேய்த்தாள்.

"சரி விடு. கம்பெனிக்காரனுக்கே வாயைத் திறக்காதவ, எனக்கா திறக்கப் போற" என்று சிரித்துவிட்டு, அவன் தட்டுகளைத் துடைத்து அடுக்கினான். அதற்குப் பிறகு அவன் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிகூட மேலோட்டமாகத்தான் இருந்தது, யாருக்கோ வந்த செய்தியைக் கேட்டதைப் போல.

பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் நீளமான மேஜை, ஓயாமல் சொட்டும் ஏ.சி., அதற்குக் கீழே ஒரு வாளி. எதிர்ப்பக்கம் எப்போதும் வரும் சென்ட்காரர் வந்திருந்தார். அவர் வருகிறார் என்பது மாடிப்படியிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்தத் தடவை அவரோடு ஒரு இளம்பெண். கம்பெனியும் முட்டாள் அல்ல. கல்லுளியிடம் பேசிப் பேசியே இத்தனை வருஷம் இழந்தது போதும் என்று, பேசாத ஆளாகப் பார்த்துப் பிடித்து வந்திருந்தார்கள்.

அந்தப் பெண் விலையைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கல்லுளியைப் பார்த்தாள். கல்லுளியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். வாளியில் தண்ணீர் சொட்டியது. சென்ட்காரர் நெளிந்தார். செயலாளர் காகிதத்தில் மீன் வரைந்தார். டீ கொண்டுவந்த அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, தட்டோடு அப்படியே நின்றுவிட்டு, செயலாளர் காதோரம் குனிந்து, "யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தோற்றுப்போகலாம்.

இப்படியே சில அமர்வுகள் போயின. கடைசியில் சென்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் முறைக்க முறைக்க, அவர் ஒரு நடு விலையைச் சொல்லிவிட்டார். மோசமான விலை என்று சொல்ல முடியாது. நல்ல விலை என்றும் சொல்ல முடியாது. செயலாளர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஒத்துக்கலாமா? உடனே சரக்கு அனுப்பறேங்கறாங்க. இல்ல எழுந்துடலாமா? எழுந்தா எவ்வளவு நாள் தாங்கும்?"

அவள் மனதுக்குள் கிடங்கை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மிச்சம் இருக்கும் சரக்கை நினைத்துப் பார்த்தாள். இழுத்துப் பிடித்தால்கூடத் துண்டு விழும் என்றுதான் கணக்கு வந்தது. அப்போது, கணக்கில் வரவே கூடாத ஒன்று வந்தது. வீட்டில் இருக்கும் பிஸ்கட் டின். அன்று காலையில்கூட அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கொடுப்பதைப் பாதியாக்கி எத்தனையோ வாரம் ஆகியும் அதில் அட்டைகள் இருந்தன. இவனிடமே மிச்சம் இருக்கிறது என்றால் மற்றவர்களிடமும் இருக்கும். ஜனங்கள் எப்போதும் கொஞ்சம் சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள். அரிசி பருப்பையே சேர்த்து வைக்கிறவர்கள் மருந்தைச் சேர்க்காமலா இருப்பார்கள்?

"தாங்கும் சார்" என்றாள்.

உள்ளே போய், நாற்காலியை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, எழுந்து வந்துவிட்டார்கள். அரசாங்கம் எழுந்து போய்விட்டது என்று செய்தி வந்தது. அன்று தம்பி அதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். அவளைத் திரும்பிப் பார்த்தான். எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி ஜன்னலில் சில வாரங்கள் வெறும் பதில்தான் கொடுத்தார்கள். அவள் தினமும் டின்னைத் திறந்து பார்த்தாள். தீர்ந்தால் வாங்குவதற்குக் கைப்பையில் பணம் தயாராக இருந்தது. தீரவில்லை. இவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கம்பெனி திரும்பி வந்தது. அந்த இளம்பெண் வரவில்லை. சென்ட்காரர் மட்டும் வந்தார், சென்ட் இல்லாமல். முதலில் சொன்னதில் பாதிக்கும் கீழே கையெழுத்தாயிற்று.

அமைச்சர் படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. செயலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "எத்தனை ஆயிரம் குடும்பம் உங்களை வாழ்த்தும் தெரியுமா?" என்றார். அது உண்மைதான். மிச்சமான பணத்தில் இன்னும் இரண்டு நோய்களுக்கு மருந்து வாங்க முடிந்தது. பல உயிர்கள் அதனால் பிழைத்தன. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துத் தம்பிக்குக் கொண்டுபோனாள். தான் தின்ற துண்டு இனிப்பாக இருந்ததா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

தம்பியின் வழக்கமான ரத்தப் பரிசோதனை அதற்குப் பிறகு வந்தது. இந்தத் தடவை வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். ரத்த நோய்ப் பிரிவின் டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் டாக்டர்" என்றான் சுவரைப் பார்த்து.

"தினமும்? முழுசா?"

அவன் சட்டைப் பித்தானைத் திருகினான். டாக்டரம்மா திட்டவில்லை. அவளுக்கு அன்று இவன் முதல் ஆளாக இருந்திருக்க மாட்டான். நோய்க்குள் ஒரு மாற்றம் வந்துவிட்டது என்றாள். குறைந்த அளவு மருந்தோடு பழகிப் பழகி, அது இந்த மாத்திரையைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி முழுசாகச் சாப்பிட்டாலும் கட்டுப்படாது. இதற்கு அடுத்த மருந்து ஒன்று இருக்கிறது, புதிது. அதைத்தான் ஆரம்பிக்க வேண்டும், சீக்கிரமாக. ஆனால் இங்கே இல்லை.

வெளியே நீண்ட வராந்தா. சுவரோரம் பெஞ்சுகள். மருந்து ஜன்னலில் அதே மாத்திரையை, புது விலை மாத்திரையை, ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு என்று தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது. இருவரும் காலியாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பாதியா உடைச்சியா?" என்று கேட்டாள்.

"முதல்ல பாதி. டி.வி.யில அந்த நியூஸ் வந்தப்புறம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி. உடம்புக்கு ஒண்ணுமே பண்ணலக்கா. நல்லாத்தான் இருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லடா."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. ஏதோ கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்கிறவன் முகம்.

"கேட்டேன்ல. பாத்திரம் கழுவறப்ப. நீ ஒண்ணும் சொல்லல. நீ ஒண்ணும் சொல்லலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொன்னவன் நான். அதான், நானே இறங்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது, அங்கே ஒன்றும் இல்லை. டின்னுக்குள் பார்த்த அட்டைகள்தான் கண்ணில் நின்றன. அவன் சாப்பிடாததைப் பார்த்துத்தான் தாங்கும் என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை வீட்டில் எத்தனை டின் அப்படி நிறைந்திருந்ததோ.

"அந்தப் புது மருந்து இங்க வருமாக்கா?" என்று தம்பி கேட்டான்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அந்த மருந்தின் பெயர் இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

"வராது" என்றாள். "இந்த வருஷம் வராது. பேச்சே ஆரம்பிக்கல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் நகரும் வரிசையைப் பார்த்தான்.

"வெளியே வாங்கிடலாம்டா. பேங்க்குல இருக்கறதை எடுத்துடறேன். நாளைக்கே எடுத்துடறேன்."

அவன் பேசவில்லை.

"அது தீர்ந்தா வீட்டை வித்துடலாம். நமக்கு எதுக்கு ரெண்டு ரூம்? ஒண்ணு போதும். வாடகைக்கு எங்கேயாவது பார்த்துக்கலாம்."

லிஃப்டில் சிக்கிய முகம் தெரியாத ஆட்களோடெல்லாம் வாய் ஓயாதவன், முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலையை எழுதிக் கொடுத்துட்டா மொத்தமா ஒரு தொகை வரும். அதைக் கேட்டு வாங்கிடறேன். செயலாளரைப் போய்ப் பார்க்கறேன். அந்த மருந்தைக் கோப்புல ஏத்தச் சொல்றேன். அவங்க சொல்ற விலைக்கே வாங்கச் சொல்றேன்டா. குறைக்கவே வேணாம்னு சொல்றேன். டேய், ஏதாவது சொல்லேன்."

அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் பெஞ்சில் அவன் பக்கமாக நகர்ந்து, இன்னும் என்ன தரலாம் என்று தேடித் தேடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.